வெள்ளிக்கிழமை நோட்டில் நான் விட்டுவிட்ட பக்கம்

என் சகாயமேரி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்க முடிந்திருந்தால், முதலில் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்திருப்பீர்கள். "இம்புட்டு எழுத ஒனக்கு ஏது ஈசு நேரம்?" என்று கேட்டிருப்பீர்கள். நேரம் இல்லைதான் அக்கா. இந்த வாரம் மட்டும் மூன்று புள்ளிவிவரப் படிவம் கேட்டார்கள். மூன்றிலும் ஒரே பிள்ளைகள், ஒரே எண்ணிக்கை. ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுத முடியாதபடி கட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். எழுதி எழுதிக் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. இருந்தாலும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்துச் செய்தி. பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அட்டைகள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுத்துப் படிக்க வேண்டும். நாம் நாற்காலியில் உட்காரக் கூடாது, பாயில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கரும்பலகையைச் சுவரின் அடியில், பிள்ளைகள் உயரத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்குக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. சாயங்காலம் அட்டைகளை எண் பார்த்துத் திரும்ப அடுக்கி முடிப்பதற்குள் நத்தம் ரோட்டில் ஐந்து மணி பஸ் போய்விடும்.

உங்கள் இடத்துக்குக் கவிதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். இருபத்து மூன்று வயது. கெட்டிக்காரி. பிள்ளைகள் அவளைச் சுற்றியே திரிகிறார்கள். உங்கள் மேசையில் அவள் பையை வைத்த முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று வேறு ஒரு வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் சேர்ந்து போன முதல் பயிற்சி நினைவிருக்கிறதா? திண்டுக்கல்லில் ஐந்து நாள். மொட்டைமாடியில் தகரக் கூரை. நம்மைச் சிங்கக் குழு, புலிக் குழு என்று பிரித்து, காலையில் கைதட்டிப் பாடச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கமும் புலியும் சேர்ந்து தூங்கின. கடைசி நாள் 'நாங்கள் கற்றவை' என்று சார்ட்டில் எழுதி ஒட்டச் சொன்னபோது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம்தான் பேனாவைக் கொடுத்தார்கள். பதினைந்து வரி எழுதினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள்.

"நெசமாச் சொல்லு ஈசு. அஞ்சு நாள்ல என்னத்தக் கத்துக்கிட்ட?"

"புலி மாதிரி கத்தக் கத்துக்கிட்டேன்க்கா."

"நீயா? ஒன் புலி பூனை மாதிரில்ல இருந்துச்சு. பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சிரித்து முடித்துவிட்டு நீங்கள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு சொவருதான். நீ பாடம் எடுக்கிறத நான் ஒருநாளும் பாத்ததில்ல. நான் எடுக்கிறத நீ பாத்ததில்ல. எவனோ மதுரையிலருந்து வந்து சொல்லித் தரணுமாக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செத்த நேரம் நீ வந்து எங்கிட்ட ஒக்காரு. நான் வந்து ஒங்கிட்ட ஒக்காருறேன்."

எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். வாங்கினேனே தவிர, நாலு பேர் முன்னால் நின்று வாய் திறப்பது எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. முப்பது பிள்ளைகள் முன்னால் பேசுவது வேறு. பின்னால் இன்னொரு டீச்சர் உட்கார்ந்து பார்க்கப் பேசுவது வேறு. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதை நீங்கள் சரி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அப்படித்தான், பார்த்ததை எழுதிவைக்க அந்த நீளமான நோட்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். உங்கள் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நான் போகும் வெள்ளிக்கிழமை, என் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சத்துணவு சமைக்கும் காளியம்மா பார்த்துக்கொள்ளும். நீங்கள் இங்கே வரும்போது உங்கள் பொடிசுகளைப் பார்த்துக்கொள்ளும். கையில் கரண்டியோடு வாசலில் உட்கார்ந்தால் ஒரு பிள்ளை அசையாது.

"என்ன டீச்சர், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் உளவு பாக்குறீங்களா?" என்று காளியம்மா கேட்டது.

"ஆமா காளியம்மா. அடுத்த வாரம் ஒன் அடுப்படிக்கு வாரோம்" என்றீர்கள் நீங்கள்.

"வாங்க வாங்க. வந்து செத்த வெங்காயம் உரிங்க."

நோட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்தீர்கள். டீச்சர் என்ன செய்தார் என்று எழுதக் கூடாது, பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் எழுத வேண்டும். நன்று, மிக நன்று என்பதெல்லாம் வரவே கூடாது. "நீ என்னைய மெச்ச வேணாம். நான் பாக்காத பிள்ளைய எனக்காகப் பாரு, அம்புட்டுத்தான்" என்றீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. பேசத் தெரியாதவளுக்குப் பார்க்கத் தெரியும் அல்லவா?

நான் எழுதிய மூன்றாவது குறிப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'கேள்வி கேட்டதும் செல்வராசு வாயைத் திறந்தான். பதில் டீச்சரிடமிருந்து வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான்.' எழுதிவிட்டு நோட்டை உங்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். நீங்கள் இரண்டு தடவை படித்ததை வாசல் ஓரத்திலிருந்து பார்த்தேன். பிறகு முந்தானை முனையில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். அதற்கப்புறம் கேள்வி கேட்டதும் உங்கள் கை அந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை வாய் திறக்கும்வரை விடாது. ஒருநாள் செல்வராசு யோசித்த யோசனையில் நீங்கள் முடிச்சை வாயிலேயே வைத்துக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். அவன் பதில் சொன்னதும் வகுப்பை விட்டு வெளியே வந்து என்னிடம், "ஏ ஈசு, சொல்லிப்புட்டான்டீ!" என்று கத்தினீர்கள். என் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நாம் கற்றுக்கொண்ட இடம் அதுதான் அக்கா. கூட்டங்களில் எவ்வளவோ கேட்டேன், எழுதி வைத்தேன். ஆனால் வகுப்பில் நான் இன்றைக்குச் செய்கிற எதையாவது எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால், அந்த நோட்டில் ஏதோ ஒரு பக்கத்தில்தான் அது இருக்கும்.

ஆனால் அந்த நோட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

என் மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றியது; இங்கே அவளை நாகலட்சுமி என்று எழுதுகிறேன். அவள் பெயர் அதுவல்ல. இதை மற்ற டீச்சர்களுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன், அவளைக் கேட்காமல் பெயரைப் போடுவது சரியில்லை. அவள் நிஜப் பெயர் உங்களுக்குத் தெரியும். எழுதியவர் நீங்கள்தானே.

'மூன்றாவது வெள்ளிக்கிழமை. நாகலட்சுமி பேரை இன்றும் யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பெண் எழுதியதைப் பார்த்து எழுதினாள். பக்கத்துப் பெண் நோட்டை மூடியதும் இவளும் மூடினாள்.'

மூன்று வாக்கியத்துக்குள் என் வகுப்பு முழுக்க வந்துவிட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அந்தப் பிள்ளைக்குக் கூச்சம்க்கா. கூப்புட்டா அழுதுரும்" என்றேன்.

"அழுதுச்சா?"

"கூப்புட்டா அழும்."

"கூப்புட்டுப் பாத்தியா?"

"எனக்குத் தெரியும்க்கா. நானும் அப்படி இருந்தவதான்."

"நீ அப்படி இருந்த, சரி. அது நாகலட்சுமி. அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருதா வரலையான்னாவது தெரியுமா ஒனக்கு?"

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். எல்லா வார்த்தையும் தெரியும், குரல்தான் வரவில்லை. வகுப்பு சிரித்தது. அன்று என் பாவாடை நனைந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் மட்டும். என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். கூச்சப்படுகிற பிள்ளையைக் கூப்பிடாமல் இருப்பது நான் செய்கிற நல்ல காரியம் என்றே நினைத்தேன். அதனால்தான் அன்று, "ஒங்களுக்கு எல்லாப் பிள்ளையும் ஒங்கள மாதிரியே வாயாடியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். நான் யாரையும் அப்படிப் பேசியதில்லை.

ஒன்பது நாள் நாம் பேசவில்லை. இரண்டே டீச்சர் உள்ள பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! வருகைப் பதிவேட்டைக் காளியம்மாதான் இங்கிட்டும் அங்கிட்டும் தூக்கிக்கொண்டு நடந்தது. "டூ விட்டிருக்கீங்களாம்ல? பிள்ளைக பேசிக்கிதுக" என்று அது சொன்ன பிறகும் நான் போகவில்லை. நீங்கள்தான் பத்தாம் நாள் தூக்குச்சட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"இந்தா, கருவாட்டு வெஞ்சனம். நல்லா வந்திருக்கு, சாப்புடு. சண்டைய அப்பறம் போடுவோம்."

அந்தச் சண்டையை அப்புறம் போடவே இல்லை. நாகலட்சுமியைப் பற்றி நீங்கள் மறுபடி எழுதவும் இல்லை. ஏன் என்று ஒருமுறை நானே கேட்டேன். "ஒரு தடவ எழுதுனா அது குறிப்பு. ரெண்டாந்தடவ எழுதுனா அது புகாரு" என்றீர்கள். நான் இரண்டு முறை அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எழுந்து நின்றாள். கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "சரி உக்காரும்மா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அப்படியே போயின. ஆறாம் வகுப்புக்கு நத்தம் ரோட்டில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், பாதியில் நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "வெள்ளிக்கெழம யாரு ஒக்காருறா?" என்று கேட்டீர்கள். "யாரும் இல்லக்கா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். வலியாலா, அந்தப் பதிலாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போன பிறகு நோட்டை பீரோவில் அடித்தட்டில் வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது.

போன மாதம் எங்கள் மேற்பார்வையாளர் சார் வந்தார். நல்ல மனிதர், பரபரப்பானவர். இருப்புப் பதிவேட்டைத் தேடும்போது இந்த நோட்டு அவர் கையில் மாட்டிவிட்டது. இரண்டு பக்கம் படித்திருப்பார்.

"என்ன டீச்சர் இது! நம்ம பக்கம் யாருமே செய்யாத விஷயமா இருக்கே. சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்துல இதப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க. நோட்டையும் குடுத்துருங்க, மேல காட்டணும்."

"சார், எனக்குப் பேச..."

"பாத்து வாசிச்சாப் போதும் டீச்சர்."

அன்று சாயங்காலம் நோட்டை முழுக்கப் படித்தேன். உங்கள் தவறுகள் இருந்தன, என் தவறுகள் இருந்தன. நாகலட்சுமி இருந்தாள். இதை எப்படி ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடுப்பது? இறந்துபோனவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதியிருக்கிறதே என்று யாராவது சிரித்தால்? உங்களுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் புது நோட்டு ஒன்று வாங்கிவந்து நல்ல நகல் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஆட்கள் எல்லோருக்கும் கைவந்த வேலைதானே இது? ஆய்வு வருகிறது என்றால் ஆறு மாத ரெக்கார்டை இரண்டு நாளில் எழுதிவிடுவோம். நீல மை, கறுப்பு மை, கொஞ்சம் மங்கின மை என்று மூன்று பேனா வைத்துக்கொண்டேன். வெவ்வேறு வாரம் எழுதிய மாதிரி தெரிய வேண்டும். அம்மா பூ கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நோட்டுக்கு என்னத்துக்குடி மூணு பேனா?"

"பழசு மாதிரி இருக்கணும்மா."

"அதான் பழசு பக்கத்துலயே இருக்கே. அதக் குடுக்க வேண்டியதுதான?"

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு என்ன தெரியும் என்று அடுத்த பேனாவை எடுத்தேன். ஒரு பக்கத்தில் தண்ணீர் சொட்டி மை பரவியது. நல்லதுக்குத்தான், பழசாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். 'செல்வராசு வாயை மூடிக்கொண்டான்' என்பதை 'செல்வராசு உற்சாகத்துடன் விடையளித்தான்' என்று மாற்றினேன். நாகலட்சுமி பக்கம் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை குறைகிறதே என்று திரும்பி வந்தேன். அந்த இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'மாணவர்கள் அனைவரும் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.'

கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தலையைத் தூக்காமல் வாசித்தேன். உங்கள் பெயர் வந்த இடத்தில் மட்டும் தலையைத் தூக்கினேன். கைதட்டினார்கள். சார் எழுந்து, இனி எல்லாப் பள்ளியிலும் இதைச் செய்ய வேண்டும், படிவம் வரும், வாரம் ஒன்று என்றார். முன் வரிசையில் ஒரு டீச்சர், "இருக்கிற ரெக்கார்டு பத்தாதுன்னு ஈஸ்வரி டீச்சர் இன்னொண்ணையும் மாட்டி விட்டாங்கப்பா" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் அலைய வேணாம். ஒங்க வகுப்புக்கு மாசம் நாலு நானே எழுதிர்றேன். எனக்கு நீங்க எழுதிருங்க. உள்ள வந்து உக்காரல்லாம் வேணாம். அந்த நோட்ட மட்டும் குடுங்க, அதப் பாத்து அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திப் போட்டுக்கலாம்."

எனக்கு உதவி செய்வதாகத்தான் அந்தப் பிள்ளை நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அவள் கேட்டது என் நல்ல நகலைத்தானே?

அவள் ஊர்ப் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர்! எங்க ஈஸ்வரி டீச்சரு!" என்று ஒரு குரல். திரும்பினால் நாகலட்சுமி. கழுத்தில் மில் அடையாள அட்டை, தோளில் துணிப்பை. என் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை, அங்கேயே தங்கல், ஊர்த் திருவிழாவுக்கு மூணு நாள் லீவில் வந்துவிட்டுத் திரும்புகிறாளாம், மேஸ்திரி சிடுமூஞ்சியாம், கூட இருக்கிற பிள்ளைகளுக்கு இவள்தான் நடித்துக் காட்டிச் சிரிப்பு மூட்டுவாளாம். அந்த மேஸ்திரி மாதிரி என் முன்னாலேயே நடந்து காட்டினாள். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கூச்சப்பட்ட பிள்ளையே இல்லை அக்கா. பாடம் புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை. கூச்சம் என்னுடையது.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது.

"டீச்சர், இதுல போர்டு என்ன போட்டிருக்கு? எங்கிட்டுப் போகுது?"

வெயில் கண்ணாடியில் அடிக்கிறதோ என்று, "கண்ணு தெரியலையாம்மா?" என்றேன்.

"கண்ணுலாம் நல்லாத் தெரியுது டீச்சர். எழுத்துத்தான் தெரியல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஆனா டீச்சர், நீங்கதான் நல்ல டீச்சர். ஒருநாள்கூட என்னைய நிக்க வச்சு வாசிக்கச் சொன்னதில்ல. மத்தவங்களா இருந்தா தோல உரிச்சிருப்பாங்க."

நல்ல டீச்சர். அன்று காலையில் நூறு பேர் கைதட்டியது அந்த ஒரு வார்த்தையில் என் முகத்தில் வந்து விழுந்தது. மில்லில் உன்னை எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்குவரை மில் கேட்டில் வந்து பார்க்கலாம் என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் வீட்டு முகவரியை நிறுத்தி, அழகாக எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து மணிபர்சில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வேடசந்தூர்ப் பஸ் வந்தது, நான் சொன்னதும் ஏறினாள், ஜன்னலிலிருந்து கையாட்டினாள். பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த முகவரியை அவள் எப்படிப் படிப்பாள்?

திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் சாரிடம் போனேன். "நான் வாசிச்சது இது இல்ல சார். இதுதான் நெசம்" என்றேன். இவ்வளவு பேசியதே எனக்கு அதிகம். அவர் நாகலட்சுமி பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எதுக்கு டீச்சர்? இத ஃபைல்ல வச்சா பள்ளிக்கூடத்துக்குத்தான கெட்ட பேரு? அதே இருக்கட்டும். அது நல்லா இருக்கு."

நல்லா இருக்கிறதுதான். அதனால் நல்ல நகல் அலுவலகத்தில் இருக்கிறது, பழையது என்னிடம் இருக்கிறது. அதோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை அக்கா. அதனால்தான் மேடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று கைதட்டியவர்கள் யாராவது படித்தால் படிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பழைய நோட்டைக் கவிதாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். நேற்று வெள்ளிக்கிழமை மதியம், நான் கூப்பிடாமலே என் வகுப்பின் பின்னால் வந்து பாயில் உட்கார்ந்தாள். காளியம்மா கரண்டியோடு அவள் வகுப்பு வாசலில் உட்கார்ந்தது. அரை மணி நேரம் கழித்து நோட்டை என் மடியில் வைத்துவிட்டு ஓடப்பார்த்தாள், நான் முன்பு ஓடிய மாதிரியே. இரண்டே வரி எழுதியிருந்தாள்.

'செண்பகம் நாலு தடவை கை தூக்கினாள். ஐந்தாவது தடவை தூக்கவில்லை.'

செண்பகம் என் இடது கைப்பக்கம், சுவரோரம் உட்காருகிற பிள்ளை. எனக்குக் காது சூடானது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே சூடு.

"அக்கா, கோவமா?"

"இருக்கு. செத்த நேரம் இருக்கும். போயிரும்."

திங்கட்கிழமை என் வாயில் வருகிற முதல் பெயர் செண்பகம்தான். முந்தானையில் முடிச்சுப் போட்டுவிட்டேன். அது உங்கள் முடிச்சு மாதிரி இறுக்கமாக வரவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் வேடசந்தூர் போகிறேன். ஒன்றாம் வகுப்பு அட்டைகளைக் கொண்டுபோகப் பார்த்தேன், அதில் எல்லாம் முயலும் பந்தும். மேஸ்திரியை நடித்துக் காட்டுகிற பெண்ணிடம் முயலைக் காட்டினால் சிரிப்பாள். அதனால் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர், பழனி. அவள் பெயரையும் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன், நிஜப் பெயரை. அவள் கேட்டுக்கு வருவாளா? 'இப்ப எதுக்கு டீச்சர் இதெல்லாம்?' என்று சொல்லிவிடுவாளா? சொன்னாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவேன்.

போய்விட்டு வந்து பழைய நோட்டில் எழுதுவேன் அக்கா, இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். அவள் என்ன செய்தாள் என்று மட்டும் எழுதுவேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி
ஈசு